தேன்கூட்டு ரேடியேட்டரும் ஈயம் பூசுவோர் கைத்திறனும்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்றொரு சிற்றூர் உண்டு. ஏரியும் காடும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த ஊர் அது. இன்றோ அதன் பெயரைச் சொன்னவுடன் சிப்காட் தொழிற்பூங்காவே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. தங்கள் மேய்ச்சல் நிலம் தொழிற்பூங்காவுக்குப் போவதை எதிர்த்து ஊர் மக்கள் போராடியதும் உண்டு. பிரான்சு நாட்டின் மிச்செலின் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பின்னர் அங்கே பெரியதொரு டயர் தொழிற்சாலையை நிறுவியது.

மோட்டார் வாகன வரலாற்றில் அந்நிறுவனத்தின் பெயருக்குத் தனியிடம் உண்டு. 1895-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து போர்தோ வரை சென்று திரும்பும் கார்ப் பந்தயம் ஒன்று நடந்தது. அதில் காற்றடைத்த ரப்பர் டயர் பூட்டிய காரை ஓட்டிச் சென்றவர்கள் மிச்செலின் சகோதரர்கள். வழி நெடுகிலும் டயர் பழுதானது, பரிசும் கிட்டவில்லை. ஆயினும் சில ஆண்டுகளிலேயே உலகம் அவர்கள் காட்டிய வழிக்கு வந்துவிட்டது.

இனி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தக் காலத்துக் கார் ஒன்று பழைய கொட்டகையில் தூசு படிந்து கிடக்கிறது. அதனை மீண்டும் ஓடச் செய்ய உரிமையாளர் விரும்புகிறார். டயருக்குக் கவலையில்லை. பழைய அளவு டயர்களை இன்றும் தொழிற்சாலைகள் வார்த்துத் தருகின்றன. மரச் சட்டத்தைத் தச்சரும், தகட்டு வேலையை டிங்கரிங் பட்டறையும் முடித்துவிடுவர். ஆனால் காரின் முகப்பில், தேனடையைப் போல் ஆயிரக்கணக்கான சிறு கண்களுடன் நிற்கும் அந்த ரேடியேட்டர்? அதைக் கடையில் வாங்க முடியாது. ஒவ்வொரு காருக்கும் தனித்தனியே, கையால் கட்டியாக வேண்டும். அக்கலையைப் பற்றியும், அதற்கும் நம் வீட்டு அடுக்களைக்கும் உள்ள உறவைப் பற்றியும் சற்றுச் சிந்திப்போம்.

என்ஜினின் தாகம்

பெட்ரோல் எரியும்போது பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு என்ஜினின் உடலில் ஏறுகிறது. அதனை உடனுக்குடன் அகற்றாவிட்டால் மசகெண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரை இறுகப் பற்றிக்கொள்ளும். என்ஜின் அசையாது நின்றுவிடும். 'என்ஜின் சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

காரல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், என்ஜினைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறையாக இருந்தது. வண்டி ஓட ஓட, நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிறிய என்ஜினுக்கு அது போதும். வேகமும் ஆற்றலும் கூடக் கூட, அத்தனை நீரைச் சுமந்து செல்வதே பெருஞ்சுமையாயிற்று.

சூடான தேநீரைப் பெரியவர்கள் சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். டம்ளரில் இருக்கும்போது காற்றுப்படும் பரப்பு சிறிது. சாஸரில் பரவும்போது அது பெரிது. ஆகவே சூடு விரைந்து தணிகிறது. ரேடியேட்டரின் இரகசியமும் இதுவே. குறைந்த நீரை மிகுந்த பரப்பில் பரப்பி, அதன்மீது காற்றை ஓட விட வேண்டும். ஒரு சிறிய பெட்டிக்குள் மிகுந்த பரப்பை அடக்குவது எங்ஙனம்? அந்தக் கேள்விக்கு விடை கண்டவரின் வாழ்க்கை நம் கவனத்துக்கு உரியது.

யத்தீமாக வளர்ந்த பொறியாளர்

வில்ஹெல்ம் மேபாக் 1846-இல் ஜெர்மனியின் ஹெயில்பிரான் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து யத்தீமானார். ராய்ட்லிங்கன் என்னும் ஊரில் குஸ்தாவ் வெர்னர் என்ற சமயப் போதகர் நடத்தி வந்த ஆதரவற்றோர் இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்த இல்லம் உணவும் உடையும் தந்ததோடு நின்றுவிடவில்லை. அதற்கெனச் சொந்தமாக இயந்திரப் பட்டறை ஒன்று இருந்தது. பிள்ளைகள் அங்கே தொழில் கற்றனர். மேபாக் வரைபடம் வரையவும் இயந்திரம் செய்யவும் அங்கேதான் பழகினார். 1860-களில் அப்பட்டறையின் மேலாளராக வந்த காட்லீப் டைம்லர் அச்சிறுவனின் திறமையைக் கண்டுகொண்டார். டைம்லர் 1900-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மறையும் வரை அவ்விருவரின் நட்பு நீடித்தது.

1897-இல் மேபாக் குழாய்களால் ஆன ரேடியேட்டர் ஒன்றைச் செய்தார். அதன்பின் எமில் ஜெலினெக் என்ற செல்வர் டைம்லர் நிறுவனத்திடம் முற்றிலும் புதிய, வேகமிக்க கார் ஒன்றைக் கேட்டார். அக்காருக்குத் தம் சிறு மகள் மெர்சிடிஸின் பெயரையே சூட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். 35 குதிரைத் திறன் கொண்ட அந்தக் கார் 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் உருவாகி, 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் வென்று உலகின் கவனத்தை ஈர்த்தது. அதன் முகப்பில்தான் மேபாக்கின் தேன்கூட்டு ரேடியேட்டர் அமர்ந்திருந்தது.

அதில் இருந்த குழாய்கள் 8,070. ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு சதுரக் குழாய். முன்னர் 18 லிட்டர் நீரைச் சுமக்க வேண்டியிருந்த இடத்தில், இப்போது 9 லிட்டரே போதுமானதாயிற்று.

அதன் பரப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாயின் சுற்றளவு 24 மில்லிமீட்டர். குழாயின் நீளம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழாயின் உட்பரப்பு 24 சதுர சென்டிமீட்டர். அதை 8,070-ஆல் பெருக்கினால் 19 சதுர மீட்டருக்கும் மேலாகிறது. ஒரு வீட்டின் கூடத்துக்கு விரிக்கும் பாய்களின் பரப்பு முழுவதும் காரின் முகப்பில் ஒரு பலகை அளவுக்குள் அடங்கிவிட்டது!

ஆறு பக்கங்களின் சிறப்பு

இந்த ரேடியேட்டரில் காற்று செல்லும் வழியும் நீர் செல்லும் வழியும் இன்றைய முறைக்கு நேர் எதிரானவை. இன்றைய கார்களில் குழாய்க்குள் நீர் ஓடும். வெளியே காற்று வீசும். தேன்கூட்டு ரேடியேட்டரில் குழாய்க்குள் காற்று நுழைந்து பின்புறம் வெளியேறும். குழாய்களுக்கிடையே உள்ள மெல்லிய சந்துகளில் நீர் மேலிருந்து கீழாக இறங்கும். ஆகவே குழாய்களின் நடுப்பகுதி ஒன்றையொன்று தொடலாகாது; இரு முனைகளோ இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும்.

மேபாக் இதற்குச் சதுரக் குழாய்களைக் கையாண்டார். பின்னர் வந்தவர்கள் பலர் வட்டக் குழாய்களை எடுத்து, அவற்றின் முனைகளை மட்டும் அறுகோணமாக விரித்தனர். வட்டங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும், மூன்று வட்டங்கள் சேரும் இடத்தில் ஒரு சந்து இருந்தே தீரும். மொத்தப் பரப்பில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் வீணாகும். அறுகோணங்களை அடுக்கினால் சந்தே இல்லை. முனை அறுகோணமாக விரிவதால் நடுப்பகுதியைவிடச் சற்றுப் பெரிதாகிறது; அந்த வேறுபாடே நீர் ஓடுவதற்கான இடைவெளியாகிறது. ஒரே செயலில் இரு பயன்!

தேனீயின் அறுகோண அறை அறிஞர்களை நெடுங்காலமாக வியக்க வைத்துள்ளது. அலெக்சாந்திரியா நகரின் பாப்பஸ் என்ற கணித அறிஞர் நான்காம் நூற்றாண்டிலேயே அதைப்பற்றி எழுதினார். சமபரப்புள்ள அறைகளாக ஒரு தளத்தைப் பிரிக்கும்போது மிகக் குறைந்த சுவர் போதுமான வடிவம் அறுகோணமே என்பதை 1999-இல்தான் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் முழுமையாக நிறுவினார். திருக்குர்ஆனின் 16-ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கியிருப்பதை வாசகர்கள் அறிவீர்கள். அச்சிற்றுயிரிடம் கற்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது!

கையால் கட்டும் விதம்

பழைய ரேடியேட்டர் கைக்கு வந்ததும் அதைப் பிரிக்கும் முன் படம் பிடித்து, அளவெடுத்து, கண்களை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாத் தேன்கூடுகளும் ஒரே வகையின அல்ல. சிலவற்றில் தனிக் குழாய்கள் இருக்கும். சிலவற்றில் குழாயே இராது, நெளித்த மெல்லிய பித்தளை நாடாக்களைச் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். எவ்வகை என்பதை அறியாமல் வேலையைத் தொடங்கினால் காரின் முகமே மாறிவிடும்.

குழாய் வகையாயின் வேலை இவ்வாறு நடைபெறுகிறது. காகிதம் போன்ற மெல்லிய சுவருடைய செம்பு அல்லது பித்தளைக் குழாய்களை ஒரே நீளத்தில் துண்டு செய்து, வெட்டுவாயின் பிசிர்களை நீக்குவர். பித்தளையைத் தட்டத் தட்ட அது கடினப்பட்டு வெடிக்கும் இயல்புடையது. ஆதலின் முதலில் மங்கிய செந்நிறம் வரும்வரை சூடேற்றி இளக்கம் கொடுப்பர். பின்னர், ஆறு பட்டைகளுடன் நுனி கூர்ந்து செல்லும் எஃகு முளையைக் குழாயின் வாயில் செலுத்தி, அளவாக அழுத்தி விரிப்பர். மறுமுனையை விரிக்கும்போது ஆறு பக்கங்களும் முதல் முனையின் பக்கங்களோடு ஒரே நேரில் அமைய வேண்டும். சிறிது திரும்பினாலும் அக்குழாய் அடுக்கில் பொருந்தாது.

பின்னர் நான்கு பக்கமும் இறுக்கும் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் குழாய்களை வரிசை வரிசையாக அடுக்குவர். அடுக்கி முடித்ததும் அமிலத்தால் சுத்தம் செய்து, பற்றவைப்பு நீரைப் பூசுவர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுக் கரைத்து எடுக்கும் நீர் அது. உலோகத்தின் மேல் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத மாசுப்படலத்தை அது அகற்றிவிடும். அப்படலம் இருக்கும் வரை உருகிய ஈயம் உலோகத்தில் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டோடும்.

இனி வருவதே உச்சக்கட்டம். வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கிய தொட்டியில், அடுக்கின் முகத்தைச் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டும் தோய்த்தெடுக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். செம்பு உருகுவதற்கோ 1,085 டிகிரி வேண்டும். ஆகவே குழாய்க்குச் சேதமின்றி ஈயம் மட்டும் உருகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அறுகோண முனைகளுக்கிடையே ஏறிப் பரவுகிறது. தொட்டியின் சூடு குறைந்தால் ஈயம் உறைந்து கண்களை அடைக்கும். சூடு மிகுந்தால் ஈயம் கசடாகும். ஒரு முகம் முடிந்ததும் திருப்பி மறு முகத்தைத் தோய்ப்பர். அதன்பின் மேல்தொட்டி, கீழ்த்தொட்டி, பக்கத் தகடுகள் ஆகியவற்றைப் பித்தளையில் செய்து பற்றவைப்பர்.

இறுதியில் சோதனை. வாய்களை அடைத்து, மெல்லக் காற்றேற்றி, ரேடியேட்டரை நீர்த்தொட்டியில் அமிழ்த்துவர். குமிழி எழும் இடத்தில் ஓட்டை. பழங்கார்களின் ரேடியேட்டர் இன்றையவற்றைப்போல் அழுத்தத்தில் இயங்குவதில்லை. ஆகவே அதிகக் காற்றேற்றுவதும் தவறு. முனையில் ஓட்டையிருந்தால் மீண்டும் பற்றவைக்கலாம். குழாயின் நடுவே வெடிப்பிருந்தாலோ கை எட்டாது. அதன் இரு முனைகளையும் ஈயத்தால் அடைத்து, அந்த ஒரு கண்ணை இழப்பதைத் தவிர வேறு வழியில்லை.

5,000 குழாய்கள் கொண்ட ரேடியேட்டர் என்றால் முனைகள் 10,000. ஒரு முனையை விரிக்க அரை நிமிடம் என்று கொண்டாலும், அந்த ஒரு வேலைக்கே 83 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்தால் பத்து நாள்களுக்கும் மேல். இனி இன்னொரு கணக்கு. ஆயிரம் இணைப்புகளில் 999 செம்மையாக அமைந்து ஒன்று மட்டும் தவறினால், அத்தொழிலாளியை நாம் கெட்டிக்காரர் என்றே சொல்வோம். ஆயினும் அவர் செய்த ரேடியேட்டரில் பத்து இடங்களில் நீர் ஒழுகும்! யாரும் பார்க்காத இடத்தில் உள்ள இணைப்பையும், எல்லோரும் பார்க்கும் இடத்தில் உள்ளதைப் போலவே செய்ய வேண்டிய வேலை இது.

சிலர் இவ்வளவு பாடுபட விரும்புவதில்லை. உள்ளே இன்றைய சாதாரண ரேடியேட்டரை வைத்து, முகப்பில் மட்டும் தேன்கூட்டுத் தோற்றத்தை ஒட்டிவிடுகின்றனர். கார் ஓடத்தான் செய்யும். பார்ப்பவர் கண்ணும் ஏமாறும். ஆனால் பழையதை மீட்டோம் என்று சொல்ல முடியுமா?

நம் மண்ணில் ஓடிய பழங்கார்கள்

இதெல்லாம் மேல்நாட்டுச் செல்வர்களின் பொழுதுபோக்கு. நமக்கென்ன என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். மோட்டார் வண்டி நம் மண்ணுக்கும் வெகு முன்னரே வந்துவிட்டது. சென்னையின் சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ஆம் ஆண்டிலேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் குடும்பத்தார் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழங்கார்கள் காட்சிக்கு உள்ளன. ஹைதராபாத் நிஜாமுக்காக 1912-இல் செய்யப்பட்ட மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ், மீட்டெடுக்கப்பட்டு அந்நகரின் சௌமஹல்லா மாளிகையில் வைக்கப்பட்டது. முதல் உலகப் போரின் விமானங்கள் பலவும் தேன்கூட்டு ரேடியேட்டருடன்தான் பறந்தன.

பின்னாளில் எடை, விலை, எண்ணற்ற இணைப்புகள் ஆகிய காரணங்களால் தேன்கூடு கைவிடப்பட்டது. குழாயும் மடிப்புத் தகடும் கொண்ட எளிய ரேடியேட்டர் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைய கார்களில் அதுவும் அலுமினியமாகிவிட்டது. உலைக்குள் மொத்தமாக வைத்து இயந்திரமே இணைத்துவிடுகிறது. மேல், கீழ்த் தொட்டிகள் பிளாஸ்டிக். பழுதானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவதே வழக்கம். செம்பு, பித்தளை ரேடியேட்டரைப் பிரித்துப் பற்றவைக்கும் சிறு கடைகளில் அதனால் வேலை குறைந்தது.

அடுக்களையில் இருந்த அதே கலை

செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளிப்புப் பண்டம் சேர்ந்தால் களிம்பு ஏறும். அது உடலுக்குத் தீங்கு. ஆகவே அவற்றின் உட்புறத்தில் ஈயம் பூசுவது நம் முன்னோர் வழக்கம். பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய பாத்திரங்களுக்கும், நிக்காஹ் விருந்துக்குப் பிரியாணி சமைக்கும் செம்பு தேக்சாக்களுக்கும் ஈயம் பூசித் தரும் கலாய்க்காரர்களை நம் பெரியவர்கள் நன்கறிவர். அத்தொழிலை நம் சமுதாயத்தவர் பலர் பரம்பரையாகச் செய்து வந்துள்ளனர்.

அவர் என்ன செய்வார்? மண்ணும் புளியும் இட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துத் தூய்மையாக்குவார். கரியடுப்பில் ஏற்றித் துருத்தி ஊதுவார். சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவுவார். குபுகுபுவென வெண்புகை எழும். வெள்ளீயக் கம்பியின் நுனியைத் தொட்டவுடன் அது உருகும். பஞ்சுத் துணியால் ஒரே வீச்சில் சுழற்றித் தேய்க்கும்போது, பாத்திரம் நிலவுபோல் வெளுக்கும்.

சுத்தம் செய்தல், மாசுப்படலம் நீக்குதல், சூட்டை அறிதல், ஈயத்தை ஓடவிடுதல். தேன்கூட்டு ரேடியேட்டரைக் கட்டுபவர் செய்வதும் இந்நான்கே அல்லவா? வெப்பமானி இல்லாமல், நவச்சாரம் புகையும் விதத்தையும் ஈயம் மினுக்கும் நிறத்தையும் கொண்டே சூட்டை அளந்தவர் நம் கலாய்க்காரர். பெரும் பொருள் கொடுத்துப் பழங்காரை மீட்பவர் தேடித் திரியும் அந்தக் கைப்பழக்கம், நம் தெருவில் கூவிச் சென்றவரிடம் இருந்தது.

'கலாய்' என்னும் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. அரபு மொழியில் வெள்ளீயத்துக்குக் 'கலயீ' என்றொரு பெயர் வழங்கியது. அரபு நிலவியலாளர்கள் குறிப்பிடும் 'கலாஹ்' என்ற துறைமுகத்திலிருந்து அது வந்ததால் அப்பெயர் பெற்றது என்றும், அத்துறைமுகம் மலாயாவின் கெடா கடற்கரைப் பகுதியே என்றும் அறிஞர் பலர் கருதுவர். அந்தக் கெடாவைத்தான் தமிழர் கடாரம் என்றழைத்தனர். மலாயாவில் தோண்டி, கடல் கடந்து, அரபுச் சொல்லைச் சுமந்து, தமிழ்நாட்டு அடுக்களைக்கு வந்து சேர்ந்த உலோகம் அது!

தாய்மார்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. உணவுப் பாத்திரத்துக்குப் பூச வேண்டியது தூய வெள்ளீயம் மட்டுமே. ரேடியேட்டருக்குப் பற்றவைக்கும் ஈயத்தில் காரீயம் கலந்திருக்கிறது. காரீயம் நஞ்சு, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பூசக் கொடுக்கும்போது எந்த ஈயம் என்று கேட்டறிவது நம் உரிமை. தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நொறுநொறுவென மெல்லிய ஓசை எழும். காரீயத்தை வளைத்தால் அவ்வோசை எழாது. பட்டறையில் வேலை செய்து வீடு திரும்பும் ஆண்கள், கைகளை நன்கு கழுவி, உடை மாற்றிய பின்னரே பிள்ளைகளைத் தூக்க வேண்டும்.

எழுதி வைத்ததால் பிழைத்த கலை

கைத்திறன் என்பது கையோடு வந்து கையோடு போவது. அதை எழுத்தில் நிறுத்தியவர்கள் சிலரே. அவர்களுள் தலையாயவர் அல்-ஜஸரீ. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகிய மன்னர்களின் அவையில் பணியாற்றிய பொறியாளர் அவர். நீர்க்கடிகாரங்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் செய்யும் முறையை, படங்களுடனும் அளவுகளுடனும் 1206-ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதி முடித்தார். வேறொரு தொழிலாளி அதைப் படித்து மீண்டும் செய்ய முடிய வேண்டும் என்ற நோக்கத்துடன் எழுதப்பட்ட நூல் அது.

டொனால்ட் ஹில் என்ற ஆங்கிலேய அறிஞர் 1974-இல் அதன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதைக் கொண்டு, 1976-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அல்-ஜஸரீயின் பெரிய நீர்க்கடிகாரத்தை மீண்டும் கட்டினர். அது இயங்கியது! எழுதியவர் மறைந்து ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அவர் சொல் கேட்டுக் கைகள் வேலை செய்தன. நம் ஊர்க் கலாய்க்காரரும் ரேடியேட்டர் கடைக்காரரும் கற்று வைத்திருப்பதை எழுதி வைத்தவர் யார்?

நம் முன் நிற்கும் கடமை

தேர்வாய் கண்டிகையிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள தொழிற்சாலைகள் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தன் பிள்ளை சீருடை அணிந்து, மாதச் சம்பளத்துடன் வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரு தாய் விரும்புவதில் என்ன தவறு? கரியும் அமிலமும் புகையும் நிறைந்த பட்டறையில் தாம் பட்ட பாட்டை மகன் படக்கூடாது என்று தந்தை எண்ணுவதும் இயல்பே. அந்த எண்ணத்தால்தான் கலை அற்றுப்போகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே நோக்கித்தான் நாம் வழி காண வேண்டும்.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர், வெல்டர், தகட்டு வேலை, மோட்டார் மெக்கானிக் முதலிய பிரிவுகள் உள்ளன. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறவும் வழியுண்டு. அங்கே பயிலும் மாணவன் விடுமுறை நாள்களில் ஒரு பழைய ரேடியேட்டர் கடையிலோ கலாய்ப் பட்டறையிலோ சில மாதங்கள் கைவேலை பழகட்டும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகியவை இருந்தால் அத்தொழிலின் ஆபத்தும் வெகுவாகக் குறையும். பயிற்சி நிலையம் தரும் அளவும் கணக்கும், முதியவரின் கைப்பழக்கமும் ஒருவனிடம் சேர்ந்தால், பழங்காரை மீட்பவர்கள் அவனைத் தேடி வருவர். தொழிற்சாலை வேலைக்குப் போனாலும் அக்கைத்திறன் அவனுக்குக் குறைவு செய்யாது.

ஜமாஅத்துகளும் தம் பங்கைச் செய்யலாம். பள்ளிவாசலின் செம்புப் பாத்திரங்களைப் பழைய விலைக்குப் போட்டுவிடாமல், ஆண்டுதோறும் ரமலானுக்கு முன் ஈயம் பூசக் கொடுத்தால் ஒரு தொழிலாளியின் அடுப்பு எரியும். அவர் வேலை செய்யும்போது மதரஸா மாணவர்கள் இருவர் அருகிலிருந்து, எதை முதலில் செய்தார், எதைக் கண்டு சூட்டை அறிந்தார், எதைத் தவிர்த்தார் என்று குறிப்பெடுக்கட்டும். செல்பேசியில் படமும் பிடிக்கலாம். யத்தீம்கானாக்களை நடத்தும் பெரியோர்கள், மேபாக்கை உருவாக்கிய அந்த இல்லத்தின் பட்டறையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ஓதும் கூடத்துக்கு அருகே ஒரு சிறு பட்டறையும் இருக்குமாயின், அங்கே வளரும் பிள்ளைகளுள் எவருடைய கையில் எந்தத் திறமை ஒளிந்திருக்கிறது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

உங்கள் தெருவில் ஈயம் பூசுபவரோ, பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைக்கத் தெரிந்தவரோ இன்னும் இருக்கிறாரா? இந்த வாரமே அவரைச் சென்று பாருங்கள். உங்கள் மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் செய்வதைப் பொறுமையுடன் கண்டு, கேட்டு, எழுதி வைப்போமாக!